வீட்ல மெட்டல் பரிசோதனை பண்ண எந்த ஆசிட் வாங்கலாம், எப்படி பார்த்து வாங்கணும்

ஆசிட்ல மெட்டல போட்டா நுரைக்கும்னு எங்கயோ படிச்சுட்டு வீட்ல செஞ்சு பார்க்கலாம்னு கிளம்புறவங்க முதல்ல கேக்குறது ஒண்ணே ஒண்ணு தான், நல்ல ஸ்ட்ராங்கான ஆசிட் எங்க கிடைக்கும்? நானும் இதே கேள்வியோட தான் ஆரம்பிச்சேன், அதனால கிண்டல் பண்ற தகுதி எனக்கு இல்ல. ஆனா கொஞ்ச நாள் கை பழகினப்புறம் புரிஞ்சது, கேள்வியே தப்பு. வீட்டு மேஜை மேல வெச்சு பண்ற வேலைக்கு வேண்டியது ஸ்ட்ராங்கான ஆசிட் இல்லங்க, உள்ள என்ன இருக்கு, எவ்ளோ இருக்குன்னு நமக்கு தெளிவா தெரிஞ்ச ஆசிட். வீரியம் கம்மியா இருந்தா ரிசல்ட் மெதுவா வரும், அவ்ளோ தான். மெதுவா வந்தா நின்னு பார்க்கவும் முடியும்.

இன்னொரு கேள்விய அதுக்கும் முன்னாடி கேட்டுக்கணும். நான் என்ன பார்க்க ஆசைப்படுறேன்? குமிழி வர்றதையா, துரு போறதையா, செம்பு பளிச்சுன்னு ஆகுறதையா, இல்ல எந்த மெட்டல் வேகமா கரையுதுன்னு ஒப்பிட்டு பார்க்கவா? இதுக்கு பதில் சொல்லிட்டா ஆசிட் லிஸ்ட் தானா சுருங்கிடும்.

முதல்ல மெட்டல், அப்புறம் தான் ஆசிட்

பள்ளிக்கூடத்துல வினைபடு வரிசைன்னு ஒண்ணு மனப்பாடம் பண்ணிருப்போம், அது இங்க தான் சோறு போடுது. மெக்னீசியம், அலுமினியம், ஜிங்க், இரும்பு, டின், ஈயம், அப்புறம் ஹைட்ரஜன், அதுக்கு கீழ செம்பு, வெள்ளி. ஹைட்ரஜனுக்கு மேல இருக்குற மெட்டல் ஆசிட்ல இருந்து ஹைட்ரஜன வெளிய தள்ளும், அது தான் நாம பார்க்குற குமிழி. கீழ இருக்குற செம்பு தள்ளாது. செம்பு கம்பிய வினிகர்ல போட்டுட்டு நாள் பூரா உக்காந்து பார்த்து, வினிகர் மோசம், இன்னும் ஸ்ட்ராங்கா ஏதாவது வாங்கணும்னு முடிவு பண்றவங்க நிறைய பேர். வினிகர் மேல தப்பே இல்ல. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல போட்டாலும் செம்பு குமிழி விடாது.

அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது மூணு மெட்டல். மெக்னீசியம் ரிப்பன் கொஞ்சம், ஜிங்க் பூச்சு போட்ட ஆணியோ வாஷரோ ஒண்ணு, சாதா இரும்பு ஆணி ஒண்ணு. கூட வரிசையோட கீழ் முனைய காட்ட ஒரு துண்டு செம்பு கம்பி, ஆனா வார்னிஷ் பூசின மோட்டார் கம்பியா இல்லாம வெறும் கம்பியா பாத்துக்கோங்க. மெக்னீசியம் ரிப்பன் கிடைக்கலன்னா ஒரு வழி இருக்கு, பென்சில் சீவுற மெட்டல் ஷார்ப்னர்ல சிலது மெக்னீசியம் கலவைல செஞ்சது. எது மெக்னீசியம் எது ஜிங்க் கலவைன்னு கண்ணால பார்த்து சொல்ல முடியாது, கைல தூக்கினா தெரியும், மெக்னீசியம் ஷார்ப்னர் பிளாஸ்டிக் மாதிரி லேசா இருக்கும்.

அலுமினியம் வரிசைல மேல இருக்கேன்னு நம்பி வாங்கிடாதீங்க. அது மேல காத்து பட்ட நொடியே ஒரு மெல்லிசான ஆக்ஸைடு படலம் உக்காந்துக்கும், வினிகரும் சிட்ரிக்கும் அத தொடக்கூட மாட்டேங்குது. ஸ்ட்ராங் ஆசிட்ல போட்டாலோ வேற மாதிரி வம்பு, கொஞ்ச நேரம் ஒண்ணுமே நடக்காத மாதிரி சும்மா இருக்கும், படலம் கரைஞ்சதும் திடீர்னு சூடேறி பொங்கும். ஒண்ணும் ஆகலையேன்னு நாம குனிஞ்சு எட்டிப் பார்க்குற நேரமா பார்த்து தான் பொங்கும். ஆரம்பத்துல அலுமினியம் வேணாம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சால்டர் கம்பி, மஞ்சளா பூச்சு போட்ட பழைய போல்ட் இதெல்லாம் ஆசிட்ல கரைக்கக் கூடாது. முறையே குரோமியம் நிக்கல், ஈயம், கேட்மியம்னு கரைசல்ல விஷம் இறங்கும். ஜிங்க் வேணும்னு பேட்டரிய உடைக்கிற பழக்கமும் வேணாம், லித்தியம் பேட்டரி கைல மாட்டிச்சுன்னா தீப்பிடிச்சுரும்.

வினிகர்

ஆரம்பிக்க இத விட நல்லது இல்ல. வெள்ளை வினிகர், நிறம் இல்லாதது. பழுப்பு நிற வினிகர்லாம் வேலை செய்யும் தான், ஆனா கரைசல் பச்சையாகுதா நீலமாகுதான்னு ஒண்ணும் தெரியாது. பாட்டில்ல 4, 5, 6 சதவீதம்னு ஏதாவது போட்டிருக்கும், அந்த நம்பர் இல்லாத பாட்டில வாங்காதீங்க. 5 சதவீதம்னா 100 மில்லில 5 கிராம் அசிட்டிக் ஆசிட், லேப் கணக்குல சொன்னா 0.83 மோலார், அதாவது ஒரு லிட்டர்ல எத்தனை மூலக்கூறு ஆசிட் இருக்குன்னு எண்ணிக்கைல சொல்ற அளவு.

இங்க ஒரு விஷயம் கொஞ்சம் நின்னு பேசணும். 0.83 மோலார்ங்கறது சின்ன நம்பர் இல்ல, அதே 0.83 மோலார்ல ஹைட்ரோகுளோரிக் ஆசிட் எடுத்து மெக்னீசியம் துண்ட போட்டா சீறும். வினிகர்ல போட்டா நல்லா நுரைக்கும், ஆனா சீறாது. ரெண்டுலயும் ஆசிட் அளவு ஒண்ணு தானே? ஒண்ணு தான். வித்தியாசம் என்னன்னா ஹைட்ரோகுளோரிக் ஆசிட் தண்ணில கலந்த உடனே மொத்தமா பிரிஞ்சு ஹைட்ரஜன் அயனிய வெளிய விட்டுருது, அசிட்டிக் ஆசிட் கஞ்சன், அந்த அடர்த்தில ஆயிரம் மூலக்கூறுல நாலு அஞ்சு தான் பிரிஞ்சு நிக்கும், அது செலவானதும் அடுத்தது பிரியும், அப்படியே சில்லறை மாத்துற மாதிரி போயிட்டே இருக்கும். கடைசில ரெண்டு பக்கமும் வர்ற மொத்த ஹைட்ரஜன் ஒரே அளவு தான், வேகம் மட்டும் வேற. வீக் ஆசிட்னா அர்த்தம் இது தான், தண்ணி கலந்து நீர்த்த ஆசிட்னு அர்த்தம் இல்ல. ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறதால தான் பாதி பேர் ஸ்ட்ராங் ஆசிட் தேடி அலையுறாங்க.

க்ளீனிங் வினிகர்னு கொஞ்சம் கூடுதல் சதவீதத்துல ஒண்ணு விக்கிறாங்க, அது பரவால்ல, ஆனா வாசனை சோப்பு எதுவும் சேர்க்காததா பாருங்க. வினிகர் எசன்ஸ், அசிட்டிக் ஆசிட் 25, 80 சதவீதம்னு கிடைக்குதே, சீப்பா இருக்கே, நாமளே தண்ணி கலந்துக்கலாமேன்னு தோணும். வேணாம். தோல வெந்து போக வைக்கும், அந்த நெடில கண்ண திறக்க முடியாது.

சிட்ரிக் ஆசிட் பவுடர்

எனக்கு ரொம்ப பிடிச்சது இது தான். பவுடரா இருக்கு, கொட்டினா துடைச்சு அள்ளிடலாம், நெடி கிடையாது, எவ்ளோ வீரியம் வேணுமோ நாமளே தராசுல நிறுத்து கலக்கிக்கலாம். சமையல் சாமான் விக்கிற இடத்துலயும் கிடைக்கும், கெட்டில்ல படியுற உப்பு போக்குற பவுடர்னும் கிடைக்கும். ரெண்டாவது வகைய வாங்குறதா இருந்தா உள்ள சிட்ரிக் மட்டும் தானான்னு பாக்கணும்.

பாக்கெட்ல அன்ஹைட்ரஸ்னோ (தண்ணி சேராதது) மோனோஹைட்ரேட்னோ போட்டிருப்பாங்க. மோனோஹைட்ரேட்ல நூத்துல எட்டு ஒன்பது பங்கு வெறும் தண்ணி, படிகத்துக்குள்ளயே ஒட்டிட்டு இருக்குற தண்ணி. சும்மா நுரை பார்க்க இது பெரிய விஷயமே இல்ல, அளந்து கணக்கு போடுறவங்களுக்கு மட்டும் உதைக்கும்.

10 கிராம் பவுடர 90 மில்லி தண்ணில போட்டு கலக்கினா 10 சதவீத கரைசல், தோராயமா அரை மோலார். கலக்கும்போது டம்ளர தொட்டு பாருங்க, ஜில்லுன்னு ஆகும். ஆசிட்ட தண்ணில போட்டா சூடாகும்னு எல்லா இடத்துலயும் படிச்சுட்டு வந்து இத தொட்டப்ப எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, சூடாகுறது சல்ஃப்யூரிக் மாதிரி ஆளுங்களோட குணம், சிட்ரிக் கரையும்போது சுத்தி இருக்குற வெப்பத்த இழுத்துக்கும். ஒண்ணு மட்டும் கவனம், பவுடர் தூசி பறந்து கண்ணுல விழுந்தா எரியிற எரிச்சல் சாதாரணம் இல்ல. பாக்கெட்ட உதறாதீங்க, ஸ்பூன்ல எடுங்க.

எலுமிச்சை சாறு பிழிஞ்சா போதாதான்னு கேப்பீங்க. அதுலயும் 5, 6 சதவீதம் சிட்ரிக் இருக்கு, சின்ன பசங்களுக்கு காட்ட போதும், ஆனா ஒவ்வொரு பழத்துக்கும் அளவு மாறும், சக்கை மெட்டல் மேல ஒட்டிக்கும், ரெண்டு நாள்ல பூஞ்சை பிடிச்சுரும்.

இதுக்கும் மேல போகணும்னா

வினிகர், சிட்ரிக் ரெண்டுலயும் ஜிங்க், இரும்பு எல்லாம் பொறுமைய சோதிக்கும். கொஞ்சம் வேகம் வேணும்னு தோணினா, அப்பவும் பாட்டில் ஆசிட்டுக்கு தாவாதீங்க, பவுடர் வகைலயே ரெண்டு பேர் இருக்காங்க. ஒண்ணு சல்ஃபாமிக் ஆசிட், டைல்ஸ்லயும் காபி மெஷின்லயும் உப்புக்கறை எடுக்குற பவுடர்ல வரும். இன்னொண்ணு சோடியம் பைசல்ஃபேட், நீச்சல் குளத்து தண்ணில பிஎச் (ஆசிட் தன்மைய காட்டுற எண், கம்மியானா ஆசிட் அதிகம்) குறைக்க போடுறது, டப்பா மேல பிஎச் மைனஸ்னு இருக்கும். ரெண்டும் நிஜமாவே ஸ்ட்ராங் பக்கத்துல நிக்கிற ஆசிட் தான், 10 சதவீத சல்ஃபாமிக் கரைசல் கிட்டத்தட்ட 1 மோலார், ஆனா ஹைட்ரோகுளோரிக் மாதிரி புகை விடாது. 5 சதவீதத்துல ஆரம்பிங்க, ஜிங்க் நல்லாவே குமிழி விடும். கைக்கு கிளவுஸ், கண்ணுக்கு பக்கமும் மூடின காகிள்ஸ் இல்லாம இத தொடக்கூடாது, சின்ன பசங்க கிட்ட தனியா குடுக்கவும் கூடாது. பிஎச் மைனஸ்னு பேர் போட்டு திரவமா வர்றதும் இருக்கு, அது பெரும்பாலும் சல்ஃப்யூரிக்கோ ஹைட்ரோகுளோரிக்கோ தான், பேர் ஒண்ணுங்கறதுக்காக மாத்தி எடுத்துடாதீங்க.

ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பத்தி எல்லாரும் கேக்குறதால சொல்லிடுறேன். கட்டட வேலைக்கு, சிமெண்ட் கறை எடுக்க விக்கிறது 30 சதவீதம் பக்கம் இருக்கும், 9, 10 மோலார். மூடிய திறந்தாலே வெள்ளையா ஆவி எழும்பும். அந்த ஆவி பாட்டில்ல இருந்து மூடி இறுக்கி இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமா கசியும்ங்கறத நான் காசு குடுத்து கத்துக்கிட்டேன், ஒரு பாட்டில வாங்கி ஸ்பேனர், திருப்புளி எல்லாம் இருக்குற அலமாரில கீழ் தட்டுல வெச்சிருந்தேன், ரெண்டு மாசம் கழிச்சு திறந்தா ஒவ்வொரு ஸ்பேனரும் செம்மண்ண பூசின மாதிரி துரு, அலமாரி கீல் கூட விடல. அப்புறம் அந்த பாட்டில நான் பரிசோதனைக்கு மொத்தமா உபயோகிச்சது 20 மில்லி இருக்குமா, சந்தேகம் தான். புதுசா வர்றவங்களுக்கு இது தேவையே இல்ல. கண்டிப்பா வேணும்னா லேப் சாமான் விக்கிறவங்க கிட்ட ஏற்கனவே நீர்த்து, 1 மோலார்னோ அதுக்கு கம்மியாவோ அடைச்சு விக்கிறத வாங்குங்க, வாங்கி பெரியவங்க யாராவது கூட நின்னு பண்ணுங்க.

டாய்லெட் க்ளீனர்ல ஹைட்ரோகுளோரிக் இருக்கே, அத ஊத்தலாமான்னா வேணாம், அதுல கெட்டியாக்குற சரக்கு, நிறம், சோப்பு எல்லாம் கலந்திருக்கு, மெட்டல் மேல நுரை வந்தா அது ஹைட்ரஜனா சோப்பா தெரியாது. இத விட பெரிய ஆபத்து, அதே ஷெல்ஃப்ல அதே மாதிரி பாட்டில்ல பக்கத்துலயே ப்ளீச் வகை க்ளீனரும் நிக்கும். ஆசிட்டும் ப்ளீச்சும் கலந்தா குளோரின் வாயு. இது பயமுறுத்த சொல்ற வார்த்தை இல்ல, குளியலறைய கழுவுறப்ப ரெண்டையும் சேர்த்து ஊத்தி மூச்சு திணறி ஆஸ்பத்திரிக்கு போறது இன்னைக்கும் நடக்குது. ஆசிட் பரிசோதனை நடக்குற ரூம்ல ப்ளீச் பாட்டில் இருக்கவே கூடாது.

மத்ததெல்லாம் ஒரு மூச்சுல சொல்லிடுறேன். பேட்டரி ஆசிட், ட்ரெயின் அடைப்பு எடுக்குற ஆசிட் ரெண்டும் சல்ஃப்யூரிக், முன்னது 30 சதவீதத்துக்கு மேல, பின்னது 90ஐ தாண்டும், வீட்டுக்குள்ளயே வேணாம், ஐரோப்பிய யூனியன்ல 15 சதவீதத்துக்கு மேல இருக்குற சல்ஃப்யூரிக்க லைசென்ஸ் இல்லாத ஆளுக்கு விக்கவே தடை. நைட்ரிக் ஆசிட் செம்பயே கரைக்கும்னு ஆசை காட்டுவாங்க, கரைக்கும் தான், கூடவே பழுப்பு நிறத்துல நைட்ரஜன் டை ஆக்ஸைடு வரும், அந்த நேரத்துல லேசா இருமல் மட்டும் வந்துட்டு பல மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல தண்ணி கோத்துக்குற ரகம் அது. ஆக்ஸாலிக் ஆசிட் துருவுக்கு அருமை, ஆனா விஷம். பாஸ்பாரிக் துருப்பிடிச்ச இரும்புக்கு நல்லது, நம்ம வேலைக்கு தேவைப்படாது. ஹைட்ரோஃப்ளோரிக் இருக்கு பாருங்க, சில வீல் க்ளீனர்லயும் துரு எடுக்குற திரவத்துலயும் ஒளிஞ்சிருக்கும், ஃப்ளோரைடு, பைஃப்ளோரைடுன்னு எந்த ரூபத்துல பேர் இருந்தாலும் பாட்டில திருப்பி வெச்சுடுங்க, பட்ட உடனே வலிக்காம உள்ள இறங்கி உடம்புல இருக்குற கால்சியத்தையே பிடிச்சுக்குற ஜாதி.

லேபிள் படிக்கிறது எப்படி

கடைல நின்னு படிக்க வேண்டியது முன்பக்கம் இல்ல. முன்பக்கத்துல பளபள, மின்னல் வேகம், நூறு மடங்கு சக்தின்னு தான் இருக்கும். பாட்டில திருப்புங்க, பொடி எழுத்துல ரசாயன பேரும் சதவீதமும் இருக்கணும். ஒரே ஒரு ஆசிட் பேர், ஒரு சதவீதம், மிச்சம் தண்ணின்னு இருந்தா அது நமக்கான பாட்டில். நாலஞ்சு பேர் வரிசையா இருந்தா துடைக்கிற வேலைக்கு நல்லா இருக்கும், பரிசோதனைக்கு உதவாது. பேரே இல்லாம ஆக்டிவ் ஃபார்முலான்னு இருந்தா தொடாதீங்க.

சிவப்பு ஓரம் போட்ட சாய்ஞ்ச சதுரத்துக்குள்ள, கைமேலயும் ஒரு கட்டி மேலயும் ஏதோ சொட்டி அரிக்கிற மாதிரி படம் இருந்தா அது அரிக்கும் பொருள். கூட எச்314னு நம்பர் இருந்தா தோல மோசமா வெந்து போக வைக்கும்னு அர்த்தம், புதுசா ஆரம்பிக்கிறவங்க அந்த நம்பர் இருக்குற எதையும் வாங்க வேண்டாம். இதுல சந்தேகம் இருந்தா பொருளோட பேரையும் சேஃப்டி டேட்டா ஷீட்ங்கற வார்த்தையையும் போட்டு தேடுங்க, தயாரிச்சவங்களே வெளியிட்ட தாள் கிடைக்கும், 16 பகுதி இருக்கும், அத்தனையும் படிக்க வேணாம், மூணாவது பகுதில உள்ள என்னென்ன எவ்ளோ கலந்திருக்குன்னு இருக்கும், நாலாவது முதலுதவி. முன்பக்க விளம்பரத்துல மூடி மறைச்சதெல்லாம் மூணாவது பகுதில உடைஞ்சிரும்.

வாங்கிட்டு வந்ததும் ஒரு சின்ன சோதனை

லேபிள்ல 5 சதவீதம்னு போட்டிருக்கு, நிஜமா? சமையல் சோடா இருந்தா வீட்லயே கண்டுபிடிக்கலாம். 100 மில்லி வினிகர பெரிய பாத்திரத்துல ஊத்தி, நிறுத்து வெச்ச சமையல் சோடாவ கால் ஸ்பூன் கால் ஸ்பூனா போட்டு கலக்குங்க, ஒவ்வொரு தடவையும் பொங்கி அடங்கட்டும், கடைசியா போட்டது பொங்கலன்னா நிறுத்திடுங்க. எத்தனை கிராம் செலவாச்சோ அத 1.4 ஆல வகுத்தா வினிகரோட சதவீதம். 7 கிராம் போச்சுன்னா 5 சதவீதம், 5.6 போச்சுன்னா 4. கடைசில மெதுவாகும்போது பொறுமை இல்லாம ரெண்டு ஸ்பூன் அதிகமா தட்டிட்டா கணக்கு உப்பிடும், அதனால ஒரு தடவைக்கு மூணு தடவை செஞ்சு பாருங்க. பெரிய துல்லியம் எதிர்பார்க்காதீங்க, பாட்டில் புளுகுதா இல்லையான்னு தெரியும்.

முதல் பரிசோதனை

ஜன்னல் திறந்த இடம், பக்கத்துல அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் எரியக்கூடாது. கண்ணாடி டம்ளரோ பிளாஸ்டிக் டப்பாவோ எடுங்க, கீழ பிளாஸ்டிக் ட்ரே, மெட்டல் ட்ரே வேணாம். டம்ளர தனியா ஒதுக்கிடுங்க, மறுபடி குடிக்க எடுக்காதீங்க. மெட்டல உப்புத்தாள் போட்டு தேய்ச்சு பளபளன்னு ஆக்கிட்டு சோப்பு போட்டு கழுவுங்க, கை எண்ணெய் பட்டா கூட ஆரம்பம் தடுமாறும்.

அளவு விஷயத்துல நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ஒரு கிராம் மெக்னீசியம் முழுசா கரைஞ்சா அறை வெப்பத்துல கிட்டத்தட்ட ஒரு லிட்டர் ஹைட்ரஜன் வரும், அதுக்கு 100 மில்லி வினிகர்ல இருக்குற மொத்த ஆசிட்டும் காலியாகும். ஹைட்ரஜன் காத்துல 4 சதவீதத்துல இருந்து 75 சதவீதம் வரைக்கும் எந்த கலவைல இருந்தாலும் பத்திக்கும். அதனால ஒரு தடவைக்கு ரெண்டு சென்டிமீட்டர் ரிப்பன் போதும், வாய் திறந்த டம்ளர்லயே நடக்கட்டும். மூடி போட்ட பாட்டில்ல பண்ணவே கூடாது, பத்திக்கிறதுக்கு முன்னாடி அழுத்தத்துலயே பாட்டில் வெடிச்சுரும். ஹென்றி கேவண்டிஷ் 1766ல ஜிங்க், இரும்பு, டின் மூணையும் ஆசிட்ல கரைச்சு இந்த வாயுவ சேகரிச்சு எழுதினப்ப அதுக்கு வெச்ச பேரே பத்திக்கிற காத்துங்கற அர்த்தத்துல தான், ஹைட்ரஜன்ங்கற பேர் அப்புறம் வந்தது.

நாலு டம்ளர், ஒவ்வொண்ணுலயும் 50 மில்லி 10 சதவீத சிட்ரிக் கரைசல், நாலு மெட்டலையும் ஒவ்வொண்ணா போடுங்க. மெக்னீசியம் உடனே கத்தும். ஜிங்க் பூச்சு ஆணி மேல பொடிப்பொடியா குமிழி கோர்த்து நிக்கும். இரும்பு ஆணி ரொம்ப நேரம் யோசிக்கும். செம்பு அசையாது.

ஜிங்க் பூச்சு ஆணில ஒரு வேடிக்கை. முதல் தடவை அத சாதா இரும்பு ஆணின்னு நினைச்சு போட்டுட்டு, இரும்பு இவ்ளோ நல்லா குமிழி விடுதேன்னு நோட்டுல எழுதிட்டேன். மறுநாள் காலைல பார்த்தா குமிழி ஏறக்குறைய நின்னு போச்சு, ஆணி வெள்ளி நிறம் போய் சாம்பலா கிடக்கு, ஆசிட் தீர்ந்துருச்சோன்னு புது கரைசல் ஊத்தினேன், அப்பவும் மந்தம். விஷயம் என்னன்னா பூச்சு முழுக்க கரைஞ்சு போய் உள்ள இருந்த இரும்பு வெளிய வந்துருச்சு. ரெண்டு மெட்டலோட வேகத்தையும் ஒரே ஆணில பார்த்திருக்கேன், தெரியாமலே.

அடுத்து அந்த ஷார்ப்னர். பிளேட கழட்டாம அப்படியே சிட்ரிக் கரைசல்ல போட்டு கிட்ட போய், காகிள்ஸ் போட்டுட்டு, பாருங்க. கரையுறது மெக்னீசியம் உடம்பு, ஆனா குமிழி அது மேல மட்டும் வராது, ஸ்டீல் பிளேட்ல இருந்தும் கொத்து கொத்தா கிளம்பும். பிளேடு கரையல, ஒரு மில்லிகிராம் கூட விட்டுக்குடுக்கல, இருந்தும் நுரை அங்க இருந்து வருது. மெக்னீசியம் விட்டுக்குடுக்குற எலக்ட்ரான் ஸ்டீல் வழியா ஓடி பிளேட் மேல ஹைட்ரஜன சந்திக்குது, அதாவது டம்ளருக்குள்ள ஒரு பேட்டரி ஷார்ட் ஆகி ஓடிட்டு இருக்கு. இதையே ஜிங்க்லயும் பண்ணலாம், ஜிங்க் துண்டு மந்தமா இருக்குறப்ப செம்பு கம்பிய எடுத்து கரைசலுக்குள்ளயே அது மேல தொட்டா, அது வரைக்கும் பிணம் மாதிரி கிடந்த செம்புல இருந்து குமிழி வரும். கம்பிய எடுத்தா நின்னுடும். எனக்கு இத பார்த்தப்ப தான் கெமிஸ்ட்ரி மேல ஒரு பாசமே வந்துச்சு.

செம்பு வேணும்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு, கறுத்துப் போன செம்பு துண்ட உப்பு கலந்த வினிகர்ல போடுங்க, கறுப்பா இருக்குற ஆக்ஸைடு கரைஞ்சு செம்பு பளிச்சுன்னு ஆகும். நிறைய துண்டு போட்டு அந்த கரைசல சேர்த்து வெச்சு அதுல தேய்ச்ச இரும்பு ஆணிய போட்டா, ஆணி மேல செம்பு நிறம் ஏறும். செம்பு கரைசல் விஷம், கை கழுவாம எதையும் வாயில வெக்காதீங்க.

மிச்சத்த என்ன பண்றது

வேலை முடிஞ்சதும் மெட்டல் துண்ட வெளிய எடுத்து கழுவி தனியா வெச்சுட்டு, கரைசல்ல சமையல் சோடா போட்டு பொங்குறது நிக்கிற வரைக்கும் கலக்குங்க. 10 கிராம் சிட்ரிக்குக்கு 13 கிராம் சோடா, அதே அளவு சல்ஃபாமிக்குக்கு 9 கிராம் போதும். இரும்பு, மெக்னீசியம் கரைசலா இருந்தா நிறைய தண்ணி விட்டு சிங்க்ல ஊத்தலாம். செம்பும் ஜிங்கும் நீர்ல வாழ்ற உயிருங்களுக்கு ஆகாது, அத ஊத்தாம ஒரு பாட்டில்ல சேர்த்து வெச்சு அபாயக் கழிவு வாங்குற இடத்துல குடுக்கணும், செம்பு கரைசலா இருந்தா முதல்ல ஸ்டீல் வுல் போட்டு ஒரு நாள் வெச்சா செம்பு அதுல படிஞ்சுரும், குடுக்க வேண்டியது கம்மியாகும்.

தோல்ல பட்டா ஓடுற தண்ணில 15, 20 நிமிஷம், சோடா தேய்க்கிற வேலைலாம் தோல் மேல வேணாம், வெறும் தண்ணி தான். கண்ணுல பட்டா இமைய விரிச்சு பிடிச்சு அதே மாதிரி கழுவிட்டே டாக்டர் கிட்ட போகணும். யாராவது முழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, வாய கொப்பளிக்க வெச்சு உடனே ஆஸ்பத்திரி.

மீந்த கரைசல குடிதண்ணி பாட்டில்ல, ஜூஸ் பாட்டில்ல ஊத்தி வெக்குற பழக்கம் மட்டும் யாருக்கும் வேணாம், சிட்ரிக் கரைசல் பாக்குறதுக்கு அசல் தண்ணி. நான் பவுடர பவுடராவே மூடி வெச்சுட்டு அன்னன்னைக்கு தேவையான 50, 100 மில்லி மட்டும் கலக்குறேன், டப்பா மேல மார்க்கர்ல பேர், சதவீதம், திறந்த தேதி மூணும் எழுதிருக்கேன், பசங்க கைக்கு எட்டாத மேல் தட்டுல, ஸ்பேனருங்க பக்கமே போகாம.